ஒடிந்த இடுப்பும் தலைவிதியும்

நீலகிரி மலையில் ஒரு வண்டி பள்ளத்தில் உருண்டது என்று சேதி வந்தால் போதும். நமது ஜனங்களின் வாயிலிருந்து வருகின்ற முதல் வார்த்தை "விதி" என்பதாகவே இருக்கின்றது. செத்தவனுக்கும் விதி, பிழைத்தவனுக்கும் விதி, இடுப்பொடிந்து இரண்டு வருஷமாய்ப் பாயில் கிடக்கின்றவனுக்கும் விதி. இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் பிறகு டிரைவர் எந்தக் கியரில் இறங்கினான் என்று கேட்க வேண்டியதில்லை. அடிபட்டவனை எப்படித் தூக்கினார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் அவனுக்கு வேண்டிய இரத்தம் இருந்ததா என்றும் கேட்க வேண்டியதில்லை. கேள்வி கேட்கின்ற தொல்லையிலிருந்து எல்லோரையும் தப்புவிக்கின்ற வார்த்தை அது. ஆதலால்தான் அந்த வார்த்தைக்கு நமது நாட்டில் இவ்வளவு செல்வாக்கு இருந்து வருகின்றது.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்குகின்ற கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. 2018-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சென்னையிலிருந்து வந்த 7 பேர் காரோடு அந்தப் பாதையில் பள்ளத்தில் விழுந்தார்கள். இரண்டு நாள் வரையில் அவர்கள் விழுந்தது ஒருவருக்கும் தெரியாது. தேடிக் கண்டுபிடித்தபோது 5 பேர் பிணமாகவும் 2 பேர் உயிரோடும் கிடந்தார்கள். அந்த இருவரை மேலே கொண்டுவந்தது யார்? விதியா? தேடிப்போன ஆட்களும் அவர்களுடைய கைகளும் அல்லவா? அதற்குப் பிறகு அந்தப் பாதையில் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு ஏற்பட்டது. ஒரு போலீஸ்காரர் சாலையின் குறுக்கே வைக்கின்ற தடுப்புக்கட்டையால் மாற்றிவிடக் கூடிய சங்கதிக்குப் பிரமன் எழுதிய எழுத்து என்று பெயர் வைப்பது எவ்வளவு அறிவீனம் என்று யோசித்துப் பாருங்கள்.

இதுபோலவே 2023-ம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி குன்னூர் - மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலத்தருகே தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த சுற்றுலா பஸ் ஒன்று உருண்டு, எட்டுப் பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். பலர் அடிபட்டு ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். இப்படிப்பட்ட விபத்துகளில் செத்தவர்களின் எண்ணிக்கை மறுநாள் பத்திரிகையில் வருகின்றது. பிழைத்தவர்களில் இடுப்பும் தொடையும் ஒருங்கே முறிந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதை எந்தப் பத்திரிகையும் பிறகு கேட்பதில்லை. அவர்களைப் பற்றியே நாம் இங்கு பேச வந்தோம்.

இடுப்பெலும்பு என்பது ஒரு வளையம். வளையம் ஓரிடத்தில் உடைந்தால் பெரும்பாலும் இன்னோரிடத்திலும் உடைந்தோ விலகியோ இருக்கும். அந்த வளையத்துக்குள்ளே பெரிய இரத்தக் குழாய்களும், மூத்திரப் பையும், மலக்குடலும், பெண்களுக்குக் கர்ப்பப் பையும் இருக்கின்றன. தொடையெலும்போ உடம்பிலுள்ள எலும்புகளிலெல்லாம் நீளமும் பலமும் உள்ளது. வண்டி மோதும்போது முழங்கால் முன்பலகையில் இடிபட்டு, அந்த வேகத்தில் தொடையெலும்பு தானும் முறிந்து, தனக்கு மேலுள்ள இடுப்புக் கிண்ணத்தையும் உடைப்பது உண்டு. மேலும் கீழும் முறிந்து, மூட்டு மாத்திரம் நடுவில் எதனோடும் ஒட்டாமல் நிற்பதால் டாக்டர்கள் இதற்கு "மிதக்கும் இடுப்பு" என்று பெயர் வைத்திருக்கின்றார்கள்.

இதில் ஆளைக் கொல்லுவது எலும்பு அல்ல, இரத்தமேயாகும். வளர்ந்த மனிதனுக்கு உடம்பில் சுமார் 5 லிட்டர் இரத்தம் உண்டு. முறிந்த ஒரு தொடைக்குள்ளேயே ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரையில் ஒழுகித் தேங்கிவிடக் கூடும். உடைந்து விரிந்துபோன இடுப்புக்குள் அதைவிட அதிகமாகவும் போய்விடும். வெளியில் ஒரு சொட்டும் தெரியாது. "நன்றாய்த்தான் பேசிக்கொண்டு வந்தான், பர்லியாறு தாண்டியதும் போய்விட்டான், எமன் வந்து காத்திருந்தான்" என்று சொல்லுகின்றார்கள். எமனும் இல்லை, எருமையும் இல்லை. அவன் பேசிக்கொண்டு வந்த நேரமெல்லாம் அவனுடைய இரத்தம் அவனுடைய இடுப்புக்குள்ளேயே ஒழுகிக்கொண்டிருந்தது. அதை நிறுத்துவதற்கு வண்டியிலிருந்த ஒருவருக்கும் வழி தெரியவில்லை என்பதுதான் உண்மை.

நிற்க. நமது ஜனங்கள் அந்த இடத்தில் செய்கின்ற உபகாரம் எப்படிப்பட்டது? நல்ல எண்ணம் உள்ளவர்கள்தான். அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஒருவர் கையைப் பிடிக்கிறார். ஒருவர் காலைப் பிடிக்கிறார். மூட்டை தூக்குவதுபோல் தூக்கிக் கிடைத்த வண்டியில் மடக்கித் திணிக்கின்றார்கள். ஒருவர் காலை இழுத்து நேராக்குகின்றார். ஒருவர் இடுப்பை அழுத்தி "இங்கே வலிக்கிறதா?" என்று கேட்கின்றார். இன்னொருவர் காப்பி வாங்கிவந்து வாயில் ஊற்றுகின்றார். இவ்வளவும் செய்துவிட்டுக் கடைசியில் "நம் கையில் என்ன இருக்கிறது?" என்று மேலே பார்க்கின்றார்கள். உங்கள் கையில்தான் ஐயா எல்லாம் இருந்தது!

வேண்டியது என்ன? ஒரு வேட்டி அல்லது ஒரு புடவை. அதைச் சுமார் ஒரு முழம் அகலத்தில் பாதியாக மடித்து, முழங்காலுக்கு அடியிலுள்ள சந்தில் நுழைத்து, ஆளைப் புரட்டாமல் மெல்ல மேலே கொண்டுவர வேண்டும். வயிற்றில் கட்டக் கூடாது. தொடையின் தலைப்பில் இரு புறமும் வெளியே புடைத்துத் தெரிகின்ற எலும்பின் மட்டத்தில், அதாவது கால்சட்டைப் பை இருக்கின்ற இடத்தில், இறுக்கிக் கட்ட வேண்டும். விரிந்த வளையம் அதனால் ஓரளவு கூடும். உள்ளே இரத்தம் தேங்குகின்ற இடம் குறையும். பிறகு இரண்டு முழங்காலையும் இரண்டு கணுக்காலையும் சேர்த்துக் கட்டினால் முறிந்த கால் முறியாத காலோடு நிற்கும். புண் இருந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்த வேண்டும். வாய்க்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது. ஏனெனில் அவன் ஆபரேஷன் மேசைக்குப் போகப் போகின்றவன். பலகை அல்லது தூக்குக் கட்டிலில் நீட்டிப் படுக்கவைத்துக் கொண்டுபோக வேண்டும். இவ்வளவுதான். இதற்கு மந்திரமும் வேண்டாம், பட்டமும் வேண்டாம்.

ஆனால் நமது பஸ்களில் இருப்பது என்ன? புறப்படும்போது சக்கரத்தின் கீழ் ஓர் எலுமிச்சம்பழம். கண்ணாடிக்கு முன்னால் ஒரு சாமி படம். வழியில் ஒரு சூடம். மலையிறக்கத்தில் பெரிய கியரில் இறங்கி, பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும் என்பது எந்திரத்தின் சங்கதி. அந்தச் சூட்டை எலுமிச்சம்பழம் தணிக்காது. நசுக்குகின்ற எலுமிச்சம்பழத்துக்குக் காசு போடுகின்ற முதலாளி, அந்தக் காசைச் சேர்த்து நாலு முழத் துணி ஒன்றை வண்டியில் வைத்து, அதைக் கட்டுகின்ற விதத்தை டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சொல்லிக் கொடுத்தால் அந்த வண்டிக்கு அதுவே மேலான காப்பு என்கின்றோம்.

அடுத்தபடியாக, கட்டு வைத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். விரலோ மணிக்கட்டோ இலேசாய் விரிசல் கண்டால் மூங்கில் தப்பையும் முட்டை வெள்ளையும் வைத்துக் கட்டினாலும் கூடிவிடும். கட்டாமல் அசையாதிருந்தாலும் பெரும்பாலும் கூடிவிடும். எலும்புக்குத் தானே கூடுகின்ற குணம் உண்டு. இப்படிக் கூடியவர்கள் எல்லோரும் கட்டினவருக்குப் புகழ் சேர்க்கின்றார்கள். ஆனால் தொடையெலும்பைச் சுற்றியுள்ள சதை பலமானது. முறிந்த முனைகளை ஒன்றின்மேல் ஒன்றாய் ஏற்றி இழுத்துவிடும். மேலே பூசுகின்ற எண்ணெயும் சுற்றுகின்ற தப்பையும் அதை இழுத்து நிறுத்த மாட்டா. இடுப்பு வளையத்துக்கோ தப்பை கட்டவே இடமில்லை. இரண்டும் முறிந்தவனைக் கட்டுக் கட்டுகின்ற இடத்துக்குக் கொண்டுபோவது, பிழைத்தால் குட்டைக் காலும், பிழைக்காவிட்டால் விதியும் வாங்குவதற்கேயாகும். எண்ணெய் போட்டு உருவுவதோ, காலில் உறைந்த இரத்தக் கட்டியைக் கிளப்பி நெஞ்சுக்கு அனுப்பிவிடவும் கூடும்.

கட்டுக் கட்டுகின்ற ஏழைகளின்மீது நமக்குத் துவேஷம் கிடையாது. "பரம்பரை பரம்பரையாய் வந்த கைப்பழக்கம்" என்று சொல்லி அந்தப் பிள்ளைகளைப் படிக்கவொட்டாமல் அதே திண்ணையில் உட்காரவைக்கின்ற புத்தியைத்தான் நாம் கண்டிக்கின்றோம். இங்கிலாந்திலும் இப்படிப்பட்ட பரம்பரைகள் இருந்தன. லிவர்பூல் நகரத்தில் ஈவன் தாமஸ் என்பவர் படிக்காத கட்டு வைத்தியர். அவருடைய முன்னோரும் அப்படியே. படித்த டாக்டர்கள் அவருக்குத் தொல்லை கொடுத்து வந்தார்கள். அவர் என்ன செய்தார்? "இது நம் குலத் தொழில்" என்று மீசையை முறுக்கவில்லை. தன்னுடைய ஐந்து பிள்ளைகளையும் வைத்தியக் கல்லூரிக்கு அனுப்பினார். அவர்களில் மூத்தவர்தான் ஹியூ ஓவன் தாமஸ். தொடையெலும்பை இழுத்து நிறுத்துகின்ற இரும்புச் சட்டத்தை அவர் செய்தார். உலகம் இன்றைக்கும் அதைத் தாமஸ் சட்டம் என்றே சொல்லுகின்றது.

அவரிடம் வேலை கற்ற இராபர்ட் ஜோன்ஸ் முதல் மகாயுத்தத்தில் அந்தச் சட்டத்தைப் பட்டாளத்தில் பரப்பினார். 1916-ம் வருஷத்தில் தொடையெலும்பு முறிந்து புண்பட்ட சிப்பாய்களில் நூற்றுக்கு 80 பேர் செத்தார்கள் என்றும், சட்டம் வந்த பிறகு அது 20-க்கும் கீழே இறங்கிற்று என்றும் அக்காலத்துப் பட்டாள வைத்தியர்கள் எழுதினார்கள். அந்தக் கணக்கில் மிகை உண்டென்று பின்வந்தவர்கள் வாதித்தபோதிலும், சாவு குறைந்தது என்பதை யாரும் மறுக்கவில்லை. சிப்பாய்களின் தலையெழுத்தை மாற்றியது இரும்புக் கம்பி என்றால், தலையெழுத்தின் யோக்கியதை என்ன?

ஆனால் அதே சட்டத்தின் வளையம் தொடையின் அடிவாரத்தில் இடுப்பில்தான் முட்டி நிற்கும். இடுப்பும் உடைந்தவனுக்கு அதைப் பூட்டினால் உடைந்த இடத்திலேயே அது அழுத்தும். தொடை ஒன்றே முறிந்தவனுக்கு நன்மை செய்கின்ற கருவி, இரண்டும் முறிந்தவனுக்குத் தீமை செய்யக் கூடும். பகுத்தறிவுக்கும் வேதத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். வேதம் எல்லோருக்கும் எப்போதும் ஒன்றையே சொல்லும். பகுத்தறிவு ஆளைப் பார்க்கும், காயத்தைப் பார்க்கும், தன்னுடைய கருவியையும் சந்தேகித்துப் பார்க்கும்.

ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு நடக்கின்றதைப் பற்றியும் நம் ஜனங்களுக்குத் தப்பெண்ணம் இருக்கின்றது. "முதல் நாள் ஒரு ஆபரேஷன், ஐந்து நாள் கழித்து இன்னொரு ஆபரேஷன், பணம் பிடுங்குகிறான்" என்று சொல்லுகின்றார்கள். பிடுங்குகின்றவர்கள் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த முறிவில் இரண்டு தவணை என்பது பெரும்பாலும் நியாயமேயாகும். முதலில் இரத்தம் நிற்க வேண்டும். இடுப்பைத் துணியாலோ வெளியே பூட்டுகின்ற கம்பிச் சட்டத்தாலோ இறுக்கி, இரத்தம் ஏற்ற வேண்டும். மூத்திரத் துவாரத்தில் இரத்தம் கண்டால் பலவந்தமாய்க் குழாய் செலுத்தக் கூடாது. உடம்பு தாங்குமானால் தொடையெலும்பின் உட்குழலில் நீண்ட ஆணியைச் செலுத்தி அதைச் சீக்கிரமே நிறுத்திவிட வேண்டும். ஜெர்மனியில் குன்ட்ஷர் என்பவர் 1939-ல் தொடங்கிய முறை அது. உடம்பு தாங்காதென்றால் தொடைக்கும் அப்போதைக்கு வெளிச் சட்டமே போதும். உடைந்த இடுப்புக் கிண்ணத்தைத் தகடு வைத்துச் சேர்ப்பது நுட்பமான வேலை. சில நாள் கழித்து இரத்தக் கசிவு அடங்கிய பிறகு செய்யலாம். இரண்டு மூன்று வாரத்துக்குமேல் தள்ளினால் எலும்பு கண்டபடி கூடி வேலை கெட்டுவிடும். ஆகவே அவசரமும் கூடாது, அலட்சியமும் கூடாது. இதில் "நாள் நன்றாயில்லை, அஷ்டமி போகட்டும், அமாவாசை போகட்டும்" என்று ஒத்திப்போடுகின்ற உறவினர்களை என்னவென்று சொல்லுவது?

உறைந்த இரத்தம் கரைந்துவிடாமல் காத்துக் கசிவைக் குறைக்கின்ற டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்து ஒன்று உண்டு. ஜப்பானில் ஒகமோட்டோ என்கின்ற கணவனும் மனைவியும் சேர்ந்து 1962-ல் கண்டுபிடித்தது. "பொம்பளைக்கு எதற்குப் படிப்பு?" என்கின்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 40 நாடுகளில் 20,000 பேருக்கு மேற்பட்ட காயக்காரர்களிடம் இதைப் பரீட்சித்து, சாவு குறைகின்றது என்று 2010-ல் வெளியிட்டார்கள். விலையும் சொற்பம். ஆனால் அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் போட வேண்டும்; பிந்திப் போட்டால் கெடுதியாகவும் முடியலாம். கூடலூரிலிருந்து ஊட்டிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். ஊட்டியிலிருந்து கோயமுத்தூருக்குச் சுமார் 85 கிலோமீட்டர். பெரும்பாலும் வளைவும் ஏற்றமும் இறக்கமும். மூன்று மணி நேரம் என்பது மலையில் எவ்வளவு சீக்கிரம் போய்விடும் என்பதைச் சொல்ல வேண்டுமா?

இரத்தம் என்று சொன்னோம். இரத்தம் கடையில் விளைவதில்லை. மனிதன் மனிதனுக்குக் கொடுக்க வேண்டியது. 1901-ல் லாண்ட்ஸ்டைனர் என்பவர் இரத்தத்தை வகை பிரித்துக் காட்டினார். அந்த வகைகளில் ஏ இருக்கின்றது, பி இருக்கின்றது, ஓ இருக்கின்றது. பார்ப்பான் என்றும் பறையன் என்றும் ஒரு வகை இல்லை. தோட்டத்து லயனில் இருக்கின்ற ஓ வகைக்காரனின் இரத்தம் பங்களாக்காரரின் உடம்பில் ஓடி அவரைப் பிழைக்கவைக்கும். அவருடைய சொந்தத் தம்பியின் இரத்தம் வகை மாறினால் அவரைக் கொன்றுவிடும். மேசையில் கிடக்கும்போது யார் இரத்தமானாலும் சரி என்கின்றவர், எழுந்து நடந்த பிறகு லயன்காரனைத் திண்ணையில் ஏறவிடாமல் நிறுத்துவாரானால், அவர் உடம்பில் இடுப்பு கூடியதே தவிர அறிவு கூடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி சர்க்காரையும் முதலாளிகளையும் கேட்கின்றோம். 1951-ல் செய்த தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வைத்திய வசதி செய்து கொடுப்பது முதலாளியின் கடமை என்று எழுதிற்று. 1964-ம் வருஷத்து ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த தமிழர்களும் இந்த மலையில்தான் கொழுந்து கிள்ளுகின்றார்கள். சரிவில் கவிழ்கின்ற டிராக்டரும், காட்டோரத்தில் வருகின்ற யானையும், மழையில் சாய்கின்ற மரமும் இவர்களுடைய இடுப்பைத்தான் ஒடிக்கின்றன. தோட்டந்தோறும் ஒரு தூக்குக் கட்டிலும், ஓர் இடுப்புப் பட்டியும், அதைக் கட்டத் தெரிந்த இரண்டு ஆட்களும் இருக்கின்றார்களா? தோட்டத்துக் கோவில் திருவிழாவுக்குச் சம்பளத்தில் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது மாத்திரம் ஏன் தெரியாமல் போக வேண்டும்?

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2021 டிசம்பரில் "நம்மைக் காக்கும் 48" திட்டம் வந்து, விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர வைத்தியத்தைத் தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரையில் சர்க்கார் ஏற்றது. 2022 ஜனவரியில் ஊட்டியில் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். 2025 ஏப்ரலில் 700 படுக்கையுள்ள ஆஸ்பத்திரியும் திறந்தார்கள். வரவேற்கின்றோம். ஆனால் படுக்கை மாத்திரம் எலும்பைக் கூட்டாது. நடு ராத்திரியில் இடுப்பும் தொடையும் முறிந்து ஒருவன் வந்தால் அவனுக்கு வேண்டிய இரத்தமும், மயக்க மருந்து கொடுக்கின்றவரும், இடுப்பைத் தகடு வைத்துச் சேர்க்கக் கற்றவரும் மலையின் மேலேயே எந்நேரமும் இருக்கும்படி செய்வதுதான் ஆஸ்பத்திரி. கோயமுத்தூரில் 1978-ல் தொடங்கிய கங்கா ஆஸ்பத்திரியின் டாக்டர்கள், எலும்பு வெளிவந்த முறிவுகளுக்கு வகுத்த மதிப்பெண் முறையை உலகத்து வைத்தியர்கள் படிக்கின்றார்கள். இந்த அறிவு கப்பலில் வர வேண்டியதில்லை, மலையடிவாரத்திலேயே இருக்கின்றது. அதை மேலே ஏற்றுவதுதான் பாக்கி.

கடைசியாகப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. "இடுப்பொடிந்தவள் பிள்ளை பெற மாட்டாள்" என்று சொல்லிக் கல்யாணத்தை நிறுத்துகின்றார்கள். கல்யாணமானவளைத் தாய் வீட்டுக்குத் துரத்துகின்றார்கள். இது சுத்தப் பொய். இடுப்பு முறிந்து கூடிய பெண்கள் பலர் பிள்ளை பெற்றிருக்கின்றார்கள். சுகப் பிரசவமாகவும் பெற்றிருக்கின்றார்கள். டாக்டரிடம் காட்டிக் கேட்க வேண்டிய கேள்வியைச் சோசியனிடமும் மாமியாரிடமும் கேட்டால் இந்தப் பதில்தான் கிடைக்கும். அதுபோலவே ஆபரேஷனுக்குப் பிறகு மூட்டை மடக்கி நீட்டிப் பழக்குவதற்கு ஆளும், மாதக் கணக்கில் வேலைக்குப் போக முடியாத காலத்துக்குக் கூலியும் இல்லாவிட்டால், டாக்டர் கூட்டிவைத்த எலும்பைப் பசி மறுபடியும் முறித்துவிடும்.

"வைத்தியம் பார்த்தும் செத்துப் போகிறார்களே, அது விதியல்லவா?" என்று சில கனவான்கள் கேட்கக் கூடும். ஆம், சிலர் சாகத்தான் செய்கின்றார்கள். இந்தக் காயம் அவ்வளவு பொல்லாதது. ஆனால் ஏன் செத்தான் என்று வைத்தியன் கேட்டதால்தான் துணி வந்தது, சட்டம் வந்தது, ஆணி வந்தது, இரத்தம் ஏற்றுவது வந்தது. விதி என்று சொன்னவர்களால் இத்தனை ஆயிரம் வருஷத்தில் ஒரு முறிந்த விரலாவது கூடியதுண்டா? பிழைத்தால் ஆண்டவன் கிருபை, செத்தால் விதி என்று சொல்லி, விடிய விடிய நின்று இரத்தம் ஏற்றினவளுக்கும் ஆணி அடித்தவனுக்கும் ஒரு பெயரும் இல்லாமல் செய்கின்றது இந்த நியாயம்.

ஆகவே தோழர்களே! அடுத்த முறை மலையில் ஒருவன் இடுப்பொடிந்து கிடப்பதைக் கண்டால் மேலே பார்க்காதீர்கள், கீழே குனியுங்கள். உங்கள் இடுப்பிலுள்ள வேட்டியை அவிழ்த்து அவனுடைய இடுப்பில் கட்டுங்கள். மானம் ஒன்றும் போய்விடாது. ஒரு மனிதன் கண்ணெதிரே உள்ளுக்குள் இரத்தம் ஒழுகிச் சாகும்போது, விதி என்று சொல்லிக்கொண்டு வேட்டியைக் காப்பாற்றி நிற்பதுதான் மானக்கேடு.